மணிக்கு நான்கு மைல் தத்துவம்

நெருப்புக்கும் வண்டிச் சில்லுக்கும் பிறகு மனித குலம் கண்டுபிடித்த மாபெரும் விஷயம் மெதுவாகப் போவது. அதை இத்தாலியின் பலெர்மோத் தமிழர்களிடம் கொண்டுவந்து சேர்த்த பெருமை, அடக்கத்துடன் சொல்கிறேன், விக்னராஜா ஆகிய என்னையே சாரும்.

2007 ஆகஸ்ட்டில் என் மனைவி அம்பிகையின் தம்பி கஜானன் இங்கிலாந்திலிருந்து தொலைபேசி எடுத்தான். தேம்ஸ் நதியில் ஒரு வாரப் படகுப் பயணமாம். "அத்தானும் அக்காவும் கட்டாயம் வரவேணும். அக்காவைக் கண்டு பதினொரு வருசம்" என்றான். படகு என்றால் மீன்பிடி வள்ளம் அல்ல. ஒடுங்கி நீண்ட மிதக்கும் வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. வேகம் மட்டும் கிடையாது.

போவதில் ஒரு சிக்கல். பலெர்மோவில் வீட்டுவேலை பார்க்கும் நம்மவருக்குச் சட்டப்படி லீவு உண்டு; நடைமுறைப்படி 'பதிலாள்' உண்டு. போகிறவர் தன் இடத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் போகலாம். ஆகஸ்ட்டில் ஊரே கடற்கரைக்குப் போய்விடும், பதிலாள் கிடைப்பதில்லை. எனவே ஒருவர் போக, மற்றவர் இரண்டு வீடும் பார்க்க வேண்டும். நான் பராமரிக்கும் வீட்டுக்காரக் கிழவி சிஞ்ஞோராவுக்கு அம்பிகையின் கை பிடிக்கும். அம்பிகை வேலை செய்யும் வீட்டிலோ மூன்று பிள்ளைகள். எனக்கு இரைச்சல் ஒத்துக்கொள்ளாது. நீண்ட ஆலோசனைக்குப் பின் (ஆலோசனையில் நான் மட்டும் கலந்துகொண்டேன்), ஓய்வெடுக்கும் பாரத்தை நானே சுமப்பதென்று முடிவாயிற்று.

"தம்பியைப் பாத்துக் கனகாலம்..." என்றாள் அம்பிகை.

"உமக்கும் சேத்து நான் பாத்திட்டு வாறன்" என்றேன். தியாகம் என்றால் இதுதான்.

தேம்ஸில் நாங்கள் மணிக்கு நான்கு மைல் பறந்தோம். நீந்திப் போன தாராக்கள் எங்களை முந்தின. கரையில் தள்ளுவண்டியில் குழந்தையோடு போன ஒரு பெண்ணும் முந்தினாள். முதல் நாள் விடிய எழும்பி, கை சும்மா இருக்க மாட்டாமல், படகின் பித்தளைப் பிடிகளை எல்லாம் மினுக்கிவிட்டேன். அடுத்த படகு வெள்ளைக்காரி அதைப் பார்த்து, தன் படகையும் மினுக்க எவ்வளவு கூலி எடுப்பீர்கள் என்று கேட்டாள். 'நான் சுற்றுலாப் பயணி' என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாததால் மினுக்கிக் கொடுத்தேன். இதை என் உரையில் சேர்க்கவில்லை.

உரை என்று சொன்னேன் அல்லவா? திரும்பி வந்ததும் எங்கள் சங்கம் பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு மண்டபம் எடுத்து, 'அவசரமின்மை: ஓர் அறிமுகம்' என்ற தலைப்பில் என்னைப் பேச அழைத்தது. தலைவர் சுவாம்பிள்ளை எனக்கு மாலை போட்டார். உரை தயாரிக்க மன அமைதி தேவைப்பட்டதால், நான் வந்த பிறகும் அம்பிகையே என் பதிலாளாகத் தொடர்ந்தாள். விடியப் பிள்ளைகள், பின்னேரம் கிழவி.

"மனிதனே, ஏன் ஓடுகிறாய்?" என்று தொடங்கினேன். கைதட்டல்.

சுவாம்பிள்ளை எழுந்தார். "ஒரு கிழமையில எவ்வளவு தூரம் போனனீங்கள்?"

"இஞ்சையிருந்து செஃபாலு தூரம் இருக்கும்."

"அது ரயிலில ஒரு மணித்தியாலமெல்லே?"

"அதுதான் சாதனை."

"போய் எங்கை இறங்கினனீங்கள்?"

"ஏறின இடத்திலைதான்."

"அப்ப நீங்கள் ஒரு இடமும் போகேல்லை?"

"இப்பதான் உங்களுக்குத் தத்துவம் விளங்குது" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. மனிதர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு வாரம் மெதுவாக வாழ வேண்டும் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கை உயர்த்தியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் பின்னால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்துதான் அம்பிகை கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஏன் வரேல்லை எண்டு தம்பி கேட்டவனோ?"

இதை வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வீட்டு வேலை முடிந்து அவள் வரும்போது நான் வழக்கமாக உறங்கியிருப்பேன்.

"ஓம், கேட்டவன். சரியான கவலை அவனுக்கு. அக்காவுக்கெண்டு யன்னல் பக்கக் கட்டிலை விட்டு வைச்சிருந்தவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

பொய் எனக்கு வராது. "அக்காவுக்கு ஓய்வெண்டால் விருப்பமில்லை, வேலைதான் விருப்பமெண்டு சொன்னனான்."

மண்டபம் சிரித்தது. அம்பிகை சிரிக்கவில்லை. கையில் இருந்த தேநீர்க் கேத்தலை மேசையில் வைத்தாள்.

"அவன் நம்பிட்டானோ?"

"நம்பிட்டான்."

அவள் தன் பையை எடுத்துக்கொண்டாள். "நீங்கள் கதைச்சு முடிச்சு ஆறுதலா வாங்கோ. உங்கட சிஞ்ஞோராவுக்கு மருந்துக் குளிசை குடுக்க நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

போனாள் என்றா சொன்னேன்? ஓடினாள். அத்தனை பேர் முன்னால், அவசரமின்மையின் தந்தையுடைய சொந்த மனைவி, பஸ்ஸுக்கு ஓடினாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

கூப்பிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் அவள் மெதுவாக நடந்தால் நான் ஓட வேண்டி வரும்.