றொசாந்தி விண்ணப்பிச்ச ஐஸ் மெஷின்

குருநகர்,
வெள்ளிக்கிழமை காலமை.

கிறிஸ்துவில் அன்பான கொலின்ஸ் மச்சானுக்கு,

சுகம் விசாரிக்க முதல் நேரத்தைச் சொல்லிப்போடுறன், பிறகு மறந்துபோவன். போன மாசம் ஏழாந் திகதி, செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணி நாப்பத்திமூண்டு நிமிசம். நான் ஐஸ் கொம்பனியிலை கொம்பிரசருக்குக் கீழை படுத்திருந்து நட்டுக் கழட்டிக்கொண்டிருக்கேக்கை போன் அடிச்சது. ஒரு அரசாங்கக் கந்தோர் ஆள், பேர் சுபாஸ்கரனாம். "வாழ்த்துக்கள் மிஸ்டர் றெஜி, உங்கடை மெஷினைத் தெரிவு செய்திருக்கு" எண்டார். எந்த மெஷின் எண்டு கேட்டன். "நீங்கள் கண்டுபிடிச்ச மெஷின்" எண்டார். நான் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை எண்டன். "உங்கடை மிஸிஸ் விண்ணப்பிச்சிருக்கிறா" எண்டார்.

மச்சான், உங்கடை தங்கச்சி டெங்குக் காய்ச்சலிலை போய் அண்டைக்கு எட்டு மாசமும் பதினொரு நாளும்.

நீங்களும் மச்சாளும் பிள்ளையளும் ரொறன்ரோக் குளிரிலை சுகமா இருப்பியள் எண்டு நம்புறன். இஞ்சை மாமிக்கு முழங்கால் நோ, எனக்குச் சாப்பாடு செமிக்குது, வேறை விசேசம் இல்லை. இதையெல்லாம் வட்ஸ்அப்பிலை சொல்லலாம்தான். ஆனா நான் றொசாந்தி எண்டு வாயெடுத்தா நீங்கள் அழத் துவங்கிவிடுவியள், பிறகு நான்தான் உங்களை ஆத்த வேணும். ஒன்பது மாசமா எனக்கு இதுதான் வேலை. ஆறுதல் சொல்ல வாற சனம் எங்கடை கதிரையிலை இருந்து அழும், நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்து, முதுகைத் தடவி, கேற் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுவன். எனக்கு அழுகை வரேல்லை. அதாலைதான் கடிதம். உங்கடை பக்கம் வாற டினேசிட்டை மாமி தன்ரை மகனுக்கெண்டு கருவாட்டுப் பார்சல் குடுத்துவிடுறா, அதுக்குள்ளை வைச்சு அனுப்புறன், மணத்தாக் குறை நினையாதேங்கோ.

இப்ப விசயத்துக்கு வாறன், ஏனெண்டா இதிலை உங்களுக்கும் பங்கு இருக்கு. நெல்லு, உப்பு, ஐஸ் மாதிரி மொத்தமாக் கொட்டுற சாமானை ஏத்தி இறக்கிற புதுக் கண்டுபிடிப்புகளுக்கு ஒரு திட்டம் வந்ததாம், அதுக்கு இவள் நாலு பக்கப் படிவத்தைக் கையாலை நிரப்பி, கையெழுத்தும் வைச்சு, போனிலை படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப, நீங்கள் அதை உங்கடை ஈமெயிலிலை இருந்து கந்தோருக்கு அனுப்பிவிட்டனீங்களாம். எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை. அவள் சொல்லாதது சரி, அவளுக்கு நேரம் கிடைக்கேல்லை. உங்களுக்கு எட்டு மாசம் கிடைச்சது.

கந்தோருக்குப் போனன். சுபாஸ்கரன் நல்ல மனுசன், மூக்குக் கண்ணாடியை நெத்தியிலை போட்டுக்கொண்டு கண்ணாடி தேடுவார். படிவத்தை எடுத்து வாசிச்சார். லொறியிலை வாற நொறுக்கின ஐஸை வள்ளத்துக்கு ஏத்திற பெல்ட் மெஷினாம். "இயந்திரம் பாவனையில் உள்ளதா?" அதுக்கு இவள் எழுதியிருக்கிறாள்: "ஓம். மூண்டு மாசமா நல்லா வேலை செய்யுது." படமும் இணைச்சிருக்கிறாள். கல்லுடைக்கிற இடம் ஒண்டிலை ஆரோ ஒராளின்ரை பெல்டுக்குப் பக்கத்திலை நான் ரோல் சாப்பிட்டுக்கொண்டு நிண்ட படம். மச்சான், அந்த மெஷின் உலகத்திலை இருந்ததே ஒரு இடத்திலைதான், எங்கடை வீட்டுக் கலண்டர்த் தாளின்ரை பின்பக்கத்திலை. வள்ளம் கட்டிற ஜெற்றியிலை சுமை தூக்கிற நாட்டாமையள் கூடை கூடையா ஐஸ் சுமந்து, பாதி தோளிலையே உருகிப்போறதைப் பாத்து விசர் வந்து, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டு படமாக் கீறினனான். அவள் தாளை எடுத்துக்கொண்டு போனவள். மீன் சுத்தப் போறாள் எண்டு நினைச்சன்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தன். "ஐயா, அப்பிடி ஒரு மெஷின் இல்லாட்டி என்ன செய்வியள்?" எண்டு சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிவப்புப் பேனையை எடுத்துக் காட்டினார். "கையெழுத்துக்குக் கீழை 'பொய்த் தகவல்' எண்டு எழுதி, கோப்பை மூடுவம்" எண்டார். நான் அந்தக் கையெழுத்தைப் பாத்தன். கடைசி எழுத்தை நீட்டி, கீழை ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியிலை ரெண்டு புள்ளி வைப்பாள், உங்களுக்குத் தெரியும். அதுக்குக் கீழை சிவப்பு மை. "மெஷின் வீட்டை நிக்குது ஐயா" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

வரேக்கை படிவத்தின்ரை கொப்பி ஒண்டும் தந்துவிட்டவர். தராமல் விட்டிருக்கலாம். ஏனெண்டா உங்கடை தங்கச்சி மெஷினைப் பற்றி ஒரு வசனத்தோடை நிப்பாட்டேல்லை. நிறம் என்ன எண்டு கேட்டதுக்கு நீலம் எண்டு எழுதியிருக்கிறாள். இல்லாத மெஷினுக்கு என்ன நிறம், ஒரு கோடு போட்டுவிட வேண்டியதுதானே. நிமிசத்துக்கு நூறு கிலோ ஏத்துமாம். சத்தம் இல்லையாம், பூசை நேரத்திலையும் ஓட்டலாமாம். அதோடை ஒரு பொம்பிளை தனியத் தள்ளிக்கொண்டு போகலாமாம். நான் டிப்ளோமா முடிச்சவன் மச்சான், ஒரு மெஷினைக் கீறி, கணக்குப் பாத்து, பிறகு அது என்ன செய்யும் எண்டு எழுதிறதுதான் முறை. இவள் என்ன செய்யும் எண்டு எழுதிப்போட்டுப் போயிட்டாள், நான் பின்னாலை நிண்டு அதுக்கேத்த மாதிரி மெஷின் செய்ய வேணும். அஞ்சு கிழமை. வேலை முடிஞ்சு வந்து, பெல்ட் எங்கை, உருளை எங்கை எண்டு அலைஞ்சன். ஐஸ் லொறிக்காரர் இராசநாயகம் அண்ணை சாவகச்சேரியிலை பூட்டிக் கிடந்த அரிசி மில்லிலை இருந்து பெல்ட் எடுத்துத் தந்தவர். மோட்டர் எங்கடை கொம்பனியிலை கழிச்சது. சத்தம் குறைய எண்டு ஒவ்வொரு உருளைக்கும் சைக்கிள் ரியூப் வெட்டிச் சுத்தினன். நீலம் எண்டா எந்த நீலம் எண்டு மாமியிட்டைக் கேட்டது என்ரை பிழை. மாதாவின்ரை சால்வை நீலம் எண்டு அவ சொல்ல, பக்கத்து வீட்டு வள்ளக்காரர் அது கடலிலை வெளுக்கும் எண்டு சொல்ல, ரெண்டு பேரும் ஒரு கிழமை கதையாமல் இருந்தவை. கடைசியா ஒரு பக்கம் மாமியின்ரை நீலம், மற்றப் பக்கம் அவரின்ரை நீலம்.

போன சனிக்கிழமை ஜெற்றியிலை பரிசோதனை. ஒன்பது மணிக்கு வாறம் எண்ட கந்தோர் ஆக்கள் பதினொண்டுக்கு வந்தினம். லொறியிலை ஐஸ் உருகி ரோட்டாலை ஓடுது, பூனையள் குடிக்குது. ஃபாதர் செபம் சொல்லி மெஷினுக்குத் தீர்த்தம் தெளிச்சார். மனுசன் கை நிறையத் தெளிப்பார், எங்கடை பங்கிலை எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெரிஞ்சும் நான் சுவிட்சை மூடேல்லை. ட்ரிப் விழுந்து கரண்ட் நிண்டது. ஜெற்றிக் கடையின்ரை ஃபிரிட்ஜும் சேர்ந்து நிண்டது. கடைக்காரி வந்து ஃபாதருக்கு முன்னாலை ஏச ஏலாமல் என்னை ஏசினவா. சுவிட்சைத் துடைச்சுக் காயவைச்சு முடிய இராசநாயகம் அண்ணை, "தம்பி, உங்கடை பக்கம் முடிஞ்சுது, இனி எங்கடை பக்கம். பெல்ட் எங்கடை ஊர்ப் பெல்ட்" எண்டு சொல்லிச் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடிச்சார். ஒரு பாதி கடலுக்கை. மற்றப் பாதி ஐஸ் கொட்டிற பெட்டிக்குள்ளை. நான் சுவிட்சைப் போட்டிட்டன். பெல்ட் ஐஸைக் கொண்டுபோக, நடுவிலை அரைத் தேங்காயும் சாமி ஊர்வலம் மாதிரி நிமிர்ந்துகொண்டு மேலை ஏறி, வள்ளத்துக்குள்ளை தராசோடை நிண்ட கந்தோர்ப் பெடியின்ரை சப்பாத்திலை விழுந்தது. சுபாஸ்கரன் குனிஞ்சு பாத்துப்போட்டு, "வேறு பொருட்களும் ஏற்றலாம்" எண்டு எழுதினார். நிமிசத்துக்கு நூற்றிநாலு கிலோ, தேங்காயோடை. சத்தத்துக்கு ஃபாதரே காதை வைச்சுப் பாத்தார், "பாட்டுக்காரப் பிள்ளையளிலும் பாக்க இது பரவாயில்லை" எண்டார். நீலம் நீலம்தான். ரெண்டு நீலம் எண்டு பெடி சொல்ல, சுபாஸ்கரன் "படிவத்திலை எத்தினை நீலம் எண்டு கேக்கேல்லை" எண்டு விட்டிட்டார்.

மிச்சம் தள்ளுறது. "ஒரு பொம்பிளை வாங்கோ" எண்டு அவர் கூப்பிட, மீன் விக்கிற ஜெயகௌரி அக்கா வந்தவா. ரெண்டு கையிலையும் ரெண்டு மீன் பெட்டி தூக்கிறவா. கைபிடியைப் பிடிச்சுத் தள்ளினா. அசையேல்லை. சீலையை இழுத்துச் செருகிப்போட்டுத் தள்ளினா. அசையேல்லை. "தம்பி றெஜி, இதிலும் பாக்க என்ரை மனுசனைத் தள்ளலாம். அந்தாள் குடிச்சிருந்தா ஒரு பக்கமாவது சாயும்" எண்டா. ஜெற்றி முழுக்கச் சிரிச்சது. நானும் சிரிச்சிருக்க வேணும், சிரிச்சனானோ எண்டு ஞாபகம் இல்லை. பிறகு மெஷினை லொறியிலை ஏத்தி வீட்டை கொண்டுவர ஒன்பது நாட்டாமை. ஒராள் கேட்டார், "உது ஏத்திற மெஷின்தானே தம்பி, தன்னைத்தான் ஏத்தாதோ?" எண்டு.

சுபாஸ்கரன் என்னை ஒரு பக்கமாக் கூப்பிட்டு, வாற வியாழக்கிழமை மயிலிட்டியிலை மேலதிகாரிக்கு முன்னாலை ரெண்டாம் பரிசோதனை எண்டார். ரெண்டாந்தரமும் ஒரு வரி பிழைச்சாச் சிவப்பு மைதான், தன்ரை கையிலை ஒண்டும் இல்லை எண்டார். அதுக்கு முதல் வாபஸ் வாங்கினா வெறும் 'வாபஸ்' எண்டு நீல மையிலை எழுதி மூடலாமாம். ஆனா அந்த ஈமெயிலிலை இருந்து வந்தாத்தான் எடுபடுமாம். அதாவது உங்கடை ஈமெயில். "ஏலுமெண்டா வேறை வழியும் கேட்டுப் பாக்கிறன்" எண்டும் சொன்னவர், அதை நம்பி இருக்க ஏலாது.

ஆறு நாளா இருந்து கணக்குப் பாத்திட்டன் மச்சான். மோட்டரைச் சின்னனாக்கினா நூறு கிலோ வராது. பெல்டைக் கட்டையாக்கினா வள்ளத்துக்கு எட்டாது. சில்லைப் பெரிசாக்கியும் பாத்தன், ஒரு ஆம்பிளையே திணறுறார். எனக்கு உந்த மெஷின் தேவையில்லை, அதாலை வாற பேரும் தேவையில்லை. அவள் எழுதினதைப் பொய் எண்டு ஒருத்தர் எழுதக் கூடாது, அவ்வளவுதான். அதாலை பார்சல் பிரிச்ச கையோடை, கருவாட்டைப் பொரிக்க முதல், ஈமெயிலைத் திறந்து "சொந்தக் காரணங்களால் வாபஸ் பெறுகிறோம்" எண்டு ஒரு வரி எழுதி அனுப்புங்கோ. காரணம் என்ன எண்டு கேட்டா ஒண்டும் விளக்க வேண்டாம். விளக்கத் துவங்கினா அழுவியள்.

மாதா உங்களைப் பனியிலையும் வேலையிலையும் காப்பாத்தட்டும். மச்சாளுக்கு என்ரை அன்பு. பிள்ளையள் தமிழிலை கதைக்கினமோ எண்டு மாமி கேக்கச் சொன்னவா. பாரைக் கருவாடு பெரியவனுக்கு, முள்ளுப் பாத்துக் குடுங்கோ.

உங்கடை மச்சான்,
றெஜி.

பி.கு.: இப்ப பின்னேரம் மூண்டே முக்கால். மேலை எழுதின ஒண்டையும் செய்யாதேங்கோ. ஈமெயில் அனுப்பாதேங்கோ.

மத்தியானம் மாமி உங்கடை கருவாட்டைக் கடைசியா ஒருக்கா வெயிலிலை போட வேணும் எண்டு பாயோடை வந்தவா. மெஷின் அவவின்ரை வெயிலுக்கை நிக்குது எண்டு ஆறு நாளா எனக்கு ஏச்சு. நான் ஒன்பது பேரைத் தேடிறன் எண்டு சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினனான். கிணத்தடியிலை கை கழுவிக்கொண்டு நிக்கச் சில்லு உருளுற சத்தம் கேட்டது. பாத்தா அறுபத்திமூண்டு வயசு மாமி, நைற்றியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெஷினைத் தனியத் தள்ளிக்கொண்டு போறா. "என்ன மாமி செய்யிறியள்?" எண்டன். "என்ன செய்யிறன், உன்ரை சனியனை அங்காலை அரக்கிறன். நீ அரக்கமாட்டாய்" எண்டா.

அவ தூக்கிப் பிடிச்சது மற்றப் பக்கம் மச்சான். நான் கைபிடியை மோட்டர்ப் பக்கம் வைச்சுப்போட்டன், சில்லிலை இருந்து ஒண்டரை அடி. அவ பிடிச்ச முனை சில்லிலை இருந்து பதினொரு அடி. நீளம் கூடின பக்கம் பிடிச்சுத் தூக்கினாப் பாரம் குறையும், ஸ்கூலிலை படிப்பிச்சதுதான். சந்தேகத்துக்கு இன்னும் மூண்டுதரம் தள்ளுவிச்சுப் பாத்தன். நாலாந்தரம் கேக்க, விளக்குமாத்தைத் தூக்கினவா. ஒரு பொம்பிளை தனியத் தள்ளலாம். எழுதினது சரி. வியாழக்கிழமை மயிலிட்டிக்கு மாமியும் வாறா, அவவுக்கு இன்னும் சொல்லேல்லை.

ஒரேயொரு சிக்கல். சுபாஸ்கரன் மெசேஜ் போட்டிருக்கிறார். மேலிடத்திலை கதைச்சு வழி எடுத்திட்டாராம், ஈமெயில் தேவையில்லையாம், சரியா நாலு மணிக்குப் போன் எடுத்து "வாபஸோ?" எண்டு கேப்பாராம், நான் ஓம் எண்டு ஒரு சொல் சொன்னாக் காணுமாம், எல்லாம் முடிஞ்சுதாம். நல்ல மனுசன், எனக்காகத்தான் ஓடித் திரிஞ்சிருக்கிறார். ஆனா ஒன்பது மாசமா ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லிச் சொல்லி என்ரை வாய் பழகிப்போச்சு மச்சான், அதை நம்ப ஏலாது. அதாலை போனை ஓஃப் பண்ணிப்போட்டன்.