மூணு லட்ச ரூபா டிவியும் பின்னாடி இருந்த பில்லும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஹால் மூலையில இருக்கற பழைய ஷட்டர் டிவியைக் கொண்டுபோய் சிவாஜிநகர்ல வித்துட்டு வரணும். அவ்வளவுதான்.

மறுநாள் எனக்குப் புது டேபிள் வருது. ஆபீஸ் வேலை வாரத்துல மூணு நாள் வீட்டுலேருந்து. பெங்களூரு ஈஜிபுராவுல இருக்கற எங்க வீட்டுல ஹாலை ஹால்னு சொல்றதே பெரிய மனசு. அதனால ரெண்டு வருஷமா கிச்சன் மேடையில லேப்டாப்பை வெச்சுத்தான் உத்தியோகம். போன வாரம் மீட்டிங்ல நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து குக்கர் விசில் அடிச்சுது.

"பின்னாடி என்ன சத்தம்?"னு மேனேஜர் கேட்டாரு.

"குக்கர் சார்"னேன். மொத்த டீமும் சிரிச்சுது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அந்த மூலை எனக்கு வேணும்!

மூலையில இருக்கறது கறுப்பு வெள்ளை டிவி. மரப் பெட்டி, இழுத்து மூடற ஷட்டர், நாலு கால். அதுல படம் தெரிஞ்சு முப்பது வருஷம் ஆச்சு. இப்போ அதுக்கு வைஃபை பெட்டியைத் தலையில சுமக்கற வேலை.

ஆனா அதை நகர்த்த முடியாது. ஏன்னா என் மாமியார் கணக்குல அது டிவியே இல்ல, அவங்களோட மூணு பவுன் வளையல். கல்யாணமான புதுசுல மாமனார் அந்த வளையலை வித்துத்தான் டிவி வாங்கினாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னாடி இந்தக் கதை வந்துடும்.

நான் பெரிய சாமர்த்தியசாலின்னு எனக்கு ஒரு நெனப்பு. சனிக்கிழமை சாயந்தரம் நைசா ஆரம்பிச்சேன். "அத்தை, அப்போ பவுன் என்ன விலை?"

"ஆயிரத்து முந்நூறு. மூணு பவுனுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அத்தனையும் இந்தப் பெட்டிக்குள்ள போச்சு."

"இப்போ பவுன் லட்ச ரூபான்னு வெச்சுக்குங்க. இன்னிக்குக் காசுல இந்த டிவி எவ்வளவு?"

விரலை மடக்கினாங்க. மூணாவது விரல்ல திறந்த வாய் மூடவே இல்ல. "மூணு லட்சமா!"

எனக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டுது. இன்னிக்கு சுவத்தையே மறைக்கற கலர் டிவி முப்பதாயிரத்துக்குக் கிடைக்குது. அன்னிக்கு ஒரே ஒரு சேனல், அதுலயும் பாதி நேரம் புள்ளி புள்ளியா மழை. அதுக்கு மூணு லட்சம்!

"பழைய சாமானுக்கெல்லாம் இப்போ ஏக கிராக்கி அத்தை. வித்துடலாம்"னேன்.

அத்தை உடனே பொம்மனஹள்ளில இருக்கற தங்கச்சிக்கு போன் போட்டாங்க. "அடியே, எங்க வீட்டு டிவி மூணு லட்சம்டீ!"

எதுலயும் தலையிடாத மாமனார் மட்டும் என்கிட்ட மெதுவா வந்தார். "வேணாம்மா. அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும். நீ டேபிளைக் கொஞ்சம் சின்னதா வாங்கிக்கயேன்."

டிவி மேல எவ்வளவு பாசம் பாரேன்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆட்டோ வந்துச்சு. நான், மாமனார், "என் மூணு லட்சம், நான் வராமயா?"ன்னு அத்தை. டிரைவர் எட்டிப் பார்த்துட்டு, "ஒன் அண்ட் ஹாஃப் கொடி மேடம்"னார். மீட்டருக்கு மேல பாதி கூடக் குடுக்கணுமாம்.

"மூணு பேருக்கு எதுக்கு? மீட்டர் போடுங்க."

"மூரு அல்ல மேடம், நால்கு"ன்னு டிவியையும் ஒரு ஆளா எண்ணினார்.

பின்னாடி அத்தை, நான், நடுவுல டிவி. மாமனார் டிரைவர் பக்கத்துல ஒட்டிக்கிட்டார். டிவியோட ஒரு கால் என் விலாவுலயே குடியிருந்துச்சு. ரோட்டுல ஒவ்வொரு ஹம்ப் ஏறி இறங்கறப்பவும் அத்தை கத்தினாங்க. "பாத்துப்பா! மூணு லட்சம்!"

மூணாவது ஹம்ப்ல டிரைவர் திரும்பிப் பார்த்தார். "மூணு லட்சமா? ஹங்காத்ரே... அப்படின்னா டபுள் மீட்டர்!"

சிவாஜிநகர்ல பழைய சாமான் கடை பாய் டிவியை ஒரு சுத்து சுத்தி வந்தார். மரத்தைத் தட்டினார். "நானூறு"ன்னார்.

"நானூறு ஆயிரமா?"ன்னு அத்தை கேட்டாங்க.

"நானூறு ரூபா மா. அதுவும் மரத்துக்கு. உள்ள இருக்கற டப்பாவை நீங்களே கழட்டி எடுத்துட்டுப் போனா ஐந்நூறு."

"மூணு பவுன் போட்டு வாங்கினதுங்க!"

"அரே அம்மா, அந்தப் பவுனைக் கொண்டாந்திருந்தா பவுன் விலைக்கே வித்திருக்கலாமே. நீங்க டிவியை இல்ல கொண்டாந்திருக்கீங்க!"

மாமனார் முந்திக்கிட்டார். "நானூறு போதும்மா. குடுத்துட்டு வா, ஆட்டோ நிக்குது."

ஆட்டோ கிளம்பிப்போய் பத்து நிமிஷம் ஆச்சு. ஆட்டோவுக்கே நானூத்தி எண்பது அழுதிருக்கேன். விடுவேனா? பேரம் பேசினேன். பாய் தாடியைத் தடவிட்டு, "ஒரிஜினல் பில் இருக்கா? இருந்தா ஹோட்டல்ல அலங்காரத்துக்கு வைக்கறவங்க வாங்குவாங்க. ஆயிரத்து ஐந்நூறு தரேன்"னார்.

"பில்லெல்லாம் கரையான் தின்னுடுச்சு"ன்னார் மாமனார். அவரை யாரும் கேக்கவே இல்ல.

ஆபீஸ்ல காணாமப்போன ஃபைல் எதுவா இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்தத் திமிரு சும்மா இருக்குமா? டிவியோட பின்பக்க மூடியைக் கழட்டச் சொன்னேன். உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருந்துச்சு. கேரண்டி கார்டு, அதோட பின் அடிச்ச பில்!

"கிடைச்சுடுச்சு!"ன்னு கூவினேன். கூவினதோட நிறுத்தியிருக்கலாம். சத்தமா வேற படிச்சேன். "ரெண்டாயிரத்து அறுநூத்தி ஐம்பது ரூபா!"

மாமனார் ரோட்டைப் பார்த்தார். அத்தை விரல் மடக்க ஆரம்பிச்சாங்க. சொல்லிக் கொடுத்த புண்ணியவதி நான்தானே.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துல இது போனா ஆயிரத்து இருநூத்தி ஐம்பது. கிட்டத்தட்ட ஒரு பவுன்! என்னங்க, மீதி ஒரு பவுன் எங்க?"

"ஆன்டெனா வாங்கினேனே."

"ஒரு பவுனுக்கா? ஆன்டெனாவைத் தங்கத்துலயா பண்ணி மாட்டினீங்க?"

"அப்பல்லாம் டிவிக்கு லைசென்ஸ் வேற கட்டணும்."

"அந்த ரசீது எங்க?"

பாய் அத்தைக்கு ஒரு ஸ்டூல் போட்டார். தனக்கும் ஒண்ணு போட்டுக்கிட்டார். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, ஜென்மத்துக்கும் மறக்காது.

"ரேஸ் கோர்ஸ்ல விட்டுட்டேன். ஒரே ஒரு தடவைதான். அந்தக் குதிரை கட்டாயம் ஜெயிக்கும்னு ஃபேக்டரில கூட வேலை பார்த்தவங்க சொன்னாங்க."

"ஜெயிச்சுதா?"

"ஏழாவதா வந்துச்சு."

"எத்தனை குதிரை ஓடுச்சு?"

"ஏழு."

பாய் சிரிப்பை அடக்க இருமினார். அத்தை எழுந்து டிவிகிட்ட போனாங்க. "நாப்பது வருஷமா இந்தப் பெட்டியைக் கரிச்சுக் கொட்டினேனே! வாயில்லா ஜீவன்!"ன்னு ஷட்டரைத் தடவிக் கொடுத்தாங்க. நிஜமாவே கண்ணுல தண்ணி. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு, என் டேபிள் ஞாபகம் வர்ற வரைக்கும்.

"அம்மா, ரெண்டாயிரம்!"னு பாய் கடைசியா ஒரு தூண்டில் போட்டார்.

"ரெண்டு லட்சம் குடுத்தாலும் இல்ல. இதுதான் எனக்கு சாட்சி!"

டிவியும் நாங்க ரெண்டு பேரும் ஆட்டோவுல திரும்பினோம். மாமனார் பஸ்ல வந்தார். தனியா. ரொம்பப் பொறுமையா.

திங்கக்கிழமை என் டேபிள் வந்துச்சு. அழகா இருக்கு. அதுமேல டிவி இருக்கு. ஷட்டர்ல, வர்றவங்க கண்ணுல படற மாதிரி, அத்தை பில்லை ஒட்டியிருக்காங்க.

நான் வழக்கம்போல கிச்சன்ல. குக்கரை ஞாபகமா அணைச்சுட்டுத்தான் மீட்டிங்ல உக்காந்தேன். வாயைத் திறந்தேன். ஹால்லேருந்து அத்தை குரல், "என்னங்க, லட்ச ரூபா தின்னுச்சே, அதுக்குப் பேராவது ஞாபகம் இருக்கா?"

மேனேஜர் கேட்டார், "பின்னாடி என்ன சத்தம்? மறுபடியும் குக்கரா?"

"இல்ல சார். குதிரை."