கேஸ்கட்தான், மாமா

முதல் போல்ட் பாதியில் முறிந்து பேராசிரியரின் கையோடு வந்தபோது, நல்லவேளையாக மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சத்தம், மாப்பிள்ளை?"

"இறுக்கம் விட்டுச்சு, மாமா."

முறிந்த துண்டு சட்டைப்பைக்குள் போனது.

இருபத்தெட்டு வருடமாக இன்ஜின் பாடம் நடத்துபவர். கரும்பலகையில் அவர் கழற்றி மாட்டாத இன்ஜின் இல்லை. மாமனாரின் படகு மோட்டாரோ பேராசிரியரின் கல்யாணத்துக்கும் மூத்தது, ஒற்றை சிலிண்டர். மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல், கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் அது முனகக்கூட இல்லை. படகுத்துறை மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று மாமனார் சொன்னதும் பேராசிரியருக்குச் சுருக்கென்றது.

"வீட்டுல நான் ஒருத்தன் இருக்கறப்போ வெளியாள் எதுக்கு? கேஸ்கட்தான், மாமா. சிலிண்டர் மேல இருக்கற ஹெட்டைக் கழட்டி, அடியில இருக்கற தகட்டை மாத்தினா போதும். அரை மணி நேர வேலை."

மோட்டாரை அவர் அதுவரை தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. தொட்டதும் முதலில் ஸ்பார்க் ப்ளக்கின் மூடியைத்தான் உருவினார். உள்ளிருந்து நீல ரப்பர் துணுக்கு ஒன்று விழுந்தது. குப்பை என்று காலால் ஒதுக்கிவிட்டார்.

அடுத்துத்தான் அந்த போல்ட். மூன்று பதிப்பு கண்ட அவருடைய பாடநூலில் முறிந்த போல்ட்டுக்கு அத்தியாயம் இல்லை. டிரில் போட்டார், டிரில்லின் நுனியும் முறிந்து உள்ளேயே குடியேறியது. மற்ற மூன்றும் கழன்றன. ஹெட் மட்டும் அசையவில்லை. இடுக்கில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து, சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

ஹெட் வந்தது. முக்கால்வாசி.

உள்ளே கேஸ்கட் புத்தம் புதிதுபோல் இருந்தது. பேராசிரியருக்குக் காது மடல் சுட்டது. மாமனார் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், உடைந்த துண்டைப் பசை போட்டு ஒட்டினார். கூடவே கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது.

"கையை ஏன் முதுகுக்குப் பின்னாடி வச்சிருக்கீங்க?"

பேராசிரியர் காட்டினார். விரலோடு ஹெட்டும் வந்தது.

"இதுக்கு வேற ஹெட் கிடைக்குமா, மாமா?"

"இந்த மாடலை நிறுத்தியே முப்பது வருஷமாச்சு."

"நான் இதுவரைக்கும் ஒரு இன்ஜினையும் கையால கழட்டினதில்ல."

மாமனார் அவர் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

விரலை ஊறவைக்க மாமியார் வெந்நீர் கொண்டுவந்தார். அவருடைய இடது செருப்பின் குதிகாலில் எலி கடித்ததுபோல் ஒரு வெட்டு. குனிந்து, தரையில் கிடந்த நீலத் துணுக்கைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார், உள்ளறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"நெஞ்சுவலிக்காரர் தனியா படகெடுத்துட்டுப் போயிடக் கூடாதேன்னு நான்தான் கரண்ட் பாயாம இதை அந்த மூடிக்குள்ள சொருகி வச்சேன். நீங்க இவ்வளவு நல்லா முடிச்சுக் குடுப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா, செருப்பை வெட்டாம அன்னிக்கே உங்களைக் கூப்பிட்டிருப்பேன், மாப்பிள்ளை."