கடைசி டப்பாக்காரர்

கொடுக்கிறவர், கொடுக்காதவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் கணக்கில் ஒரு ரகம் விட்டுப்போயிருக்கிறது. கொடுப்பதற்கென்றே காலையில் எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கொடுக்கிற இடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, சாயங்காலம்வரை கால் கடுக்க நின்று, ஒன்றையும் கொடுக்காமல் நிம்மதியாக வீட்டுக்குப் போகிற ரகம். அவசரப்பட்டு அவரைக் கஞ்சர் என்று சொல்லிவிடாதீர்கள். கஞ்சர் தன் பொருளைப் பிடித்துவைத்துக்கொள்கிறார். இவர் பிடித்துவைத்துக்கொள்வது ஊரார் பொருளை, அதுவும் ஊராருக்காக. இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கடைசி டப்பாக்காரர்.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். ஆபீஸில் புதுப் பேனாக்களை மேஜை அறைக்குள் பூட்டிவைத்துக்கொண்டு, பேனா கேட்பவரிடம் பழைய பேனாவை உதறிப் பார்க்கச் சொல்பவர் இவர்தான். பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியின் சாவியைப் பத்திரமாகத் தன் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வருபவரும் இவர்தான். ஆனால் இந்த ரகம் நன்றாகத் தழைத்து வளர்வதைப் பார்க்க ஆசை என்றால் எங்கள் பகுதி உணவு வங்கிக்கு வாருங்கள்.

உணவு வங்கி என்றதும் கண்ணாடிக் கதவையும் காவலாளியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பு மரச்சாமான் கடையாக இருந்த இரண்டு அறைகள், அவ்வளவுதான். இருக்கிறவர்கள் அரிசி, மாவு, பருப்பு, டின் மீன், பிஸ்கட், சோப்பு என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். இல்லாதவர்கள் பையோடு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். யார் வருகிறார்கள் என்கிறீர்கள்? உங்கள் தெருவில் இருப்பவர்கள்தான். ஆள்குறைப்பில் வேலை போனவர்கள், கால் முறிந்து வண்டியெடுக்க முடியாத டிரைவர், பரீட்சைக் கட்டணம் கட்டியதில் கையைச் சுட்டுக்கொண்ட கல்லூரிப் பெண், பென்ஷனில் பாதியை மருந்துக்கடையில் விட்டுவிட்டு "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர். ஒரு பை சாமான் கிடைத்தால் அந்த மாதம் வாடகையும் கொடுக்கலாம், அடுப்பையும் பற்றவைக்கலாம். கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்றுதான். விஷயம் அவ்வளவு எளிமையானது. அதைச் சிக்கலாக்க ஒரு திறமைசாலி வேண்டியிருந்தது. கடவுள் அனுப்பிவைத்தார்.

எங்கள் திறமைசாலிக்கு இருப்பு சார் என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. ஒரு பெரிய ஆலையில் உதிரிப்பாகங்கள் வைக்கும் ஸ்டோருக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு சட்டம் உண்டு: எந்தச் சாமானும் ஒன்றுகூட இல்லாமல் தீரக் கூடாது. கடைசி போல்ட்டை எவனாவது எடுத்துப்போய்விட்டால் நாளைக்கு எந்திரம் நின்றுவிடும் அல்லவா? நியாயம்தான். இருப்பு சார் அந்தச் சட்டத்தைப் பணிநிறைவு விழாவில் போட்ட மாலையோடு சேர்த்து வீட்டுக்கு எடுத்துவந்து, மாலை வாடிய பிறகும் சட்டத்தை வாடவிடாமல் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். போல்ட் பசிக்கு ஆகாது, பருப்பு ஆகும் என்கிற சின்ன வித்தியாசம் அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

நான் அங்கே வெங்காயம் பொறுக்குகிறவன். அழுகியதைத் தனியே எடுத்துவிட்டு நல்லதைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டுவேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால் அவருடைய ராஜ்ஜியம் முழுவதும் என் கண்ணில் படும்.

அலமாரியை நீங்கள் பார்க்க வேண்டும். டப்பாக்கள் எல்லாம் ராணுவம் மாதிரி முகத்தை முன்னால் காட்டிக்கொண்டு நிற்கும். யாருக்காவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்த வரிசையில் ஓர் ஓட்டை விழும். பல் விழுந்த வாயைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்ப்பார். பின்வரிசை டப்பாவை முன்னால் நகர்த்தி ஓட்டையை அடைத்த பிறகுதான் அடுத்தவரை நிமிர்ந்து பார்ப்பார். பின்வரிசையில் டப்பா இல்லையென்றால்? அந்தச் சாமானைக் கொடுக்கவே மாட்டார்.

ரொட்டி விஷயத்தைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள். பக்கத்து பேக்கரிக்காரர் தினமும் காலையில் சூடாக ரொட்டி அனுப்புவார். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது ஸ்டோர் சட்டம். ஆகவே நேற்றைய ரொட்டி தீராமல் இன்றைய ரொட்டியைத் தொடக் கூடாது. நேற்றைய ரொட்டி தீர்வதற்குள் இன்றைய ரொட்டி நேற்றைய ரொட்டியாகிவிடும். இப்படியாக, ஊரிலேயே முதலில் ரொட்டி வந்து இறங்கும் இடத்தில் புது ரொட்டி தின்றவர் ஒருவரும் கிடையாது. பேக்கரிக்காரர் ஒருநாள் எட்டிப்பார்த்து, "நான் சூடாத்தானேய்யா அனுப்பறேன்?" என்று பரிதாபமாகக் கேட்டார். இருப்பு சார் அவருக்கு வரிசைமுறையின் மகிமையை விளக்கினார். வந்தவர் விளக்கத்தைக் கேட்டு முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த ரொட்டியும் ஆறிவிட்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. நிறைந்த அலமாரியைப் பார்க்கிறவர்களுக்கு வயிறும் மனமும் நிறைந்துவிடுகின்றன. பை நிறையச் சாமான் கொண்டுவந்த ஒரு தம்பதி, அலமாரியை மேலும் கீழும் பார்த்து, "இங்கதான் எக்கச்சக்கமா இருக்கே, நம்ம எதுக்கு?" என்று பேசிக்கொண்டு பையோடு திரும்பிப் போனார்கள். வெளியே வரிசையில் நின்றவர்களைத் தாண்டித்தான் போனார்கள். இருப்பு சாருக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

அவர் கெட்டவரா? அதுதான் இல்லை. 'இல்லை' என்று சொல்ல அவருக்கு மனம் வராது. யாருக்கும் இல்லையென்று சொல்லும் நிலை வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் எல்லோருக்கும் இல்லையென்று சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் அக்கா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் பொறுப்பாளர் அம்மாள் இதைப் பற்றி அவரிடம் ஒருமுறை சண்டைக்கே போனார். இருப்பு சார் பொறுமையாகக் கேட்டார்: "கடைசி டப்பாவைத் தூக்கிக் கொடுத்துட்டா அடுத்து வர்றவங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

பதிலை ஒரு பெண் கொண்டுவந்தாள். பார்சல் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனி மூடியதிலிருந்து எங்களிடம் வருகிறாள். இடுப்பில் குழந்தை. அது அழக்கூட இல்லை. அழுது ஓய்ந்த குழந்தையின் முகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த முகம். வீட்டில் பால் பவுடர் தீர்ந்துபோய்விட்டது, முந்தின நாளிலிருந்து பிஸ்கட்டை வெந்நீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அலமாரியின் மேல்தட்டில் பால் பவுடர் டப்பா ஒன்று பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. ஒன்றே ஒன்று.

இருப்பு சார் குழந்தையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டி விளையாட்டுக் காட்டினார். அப்புறம் அது கடைசி டப்பா என்றும், அடுத்து அவசரமாக வருகிறவர்களுக்கென்று வைத்திருப்பது என்றும் தன்மையாக எடுத்துச் சொன்னார். இது அவசரமில்லையா என்று அவள் கேட்டாள். அவசரம்தான், ஆனால் இதைவிடப் பெரிய அவசரம் வந்துவிட்டால் என்று அவர் கேட்டார். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், பின்வரிசையில் தாராளமாக இருந்தவற்றையெல்லாம் அவள் பையில் போட்டார்: கடுகு சாஸ் பாட்டில்கள், ஷூ பாலிஷ், பூனைக்குப் போடும் தீனி. அவளிடம் பூனை இல்லை. பை மட்டும் கல்லாகக் கனத்தது.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். எழுந்துபோய் அந்த டப்பாவை நானே எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அதே பெண் அதே குழந்தையோடு மறுபடியும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னம்மா, ஏதாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றார் இருப்பு சார்.

"இல்ல சார். அடுத்து வர்றவங்களுக்குன்னு வெச்சிருக்கேன்னு சொன்னீங்கல்ல. நான்தான் அடுத்து வர்றவ. வந்துட்டேன்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஆலையில் அத்தனை வருஷமும் அடுத்து வருகிறவர் இப்படி நேரில் வந்து நின்றதில்லைபோல. உங்களுக்கு அடுத்து வருபவர் என்று அவர் இழுத்தார். அவளுக்குப் பின்னால் நின்ற கால் முறிந்த டிரைவர், "அது நான்தாங்க. எனக்குப் பால் பவுடர் வேணாம்" என்றார். அவருக்கும் பின்னால் நின்ற கல்லூரிப் பெண் தனக்கும் வேண்டாம் என்றாள். பென்ஷன் பெரியவர் சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். அடுத்து வருகிறவர்கள் எல்லோரும் வந்து, வேண்டாமென்று சொல்லியும் ஆகிவிட்டது. இனி யாருக்காக வைத்திருப்பது? ஸ்டோர் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. அவர் ஏணியை நகர்த்திப் போட்டு ஏறி, டப்பாவை எடுத்து, சட்டை முனையால் தூசி துடைத்து, பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, அடியில் அச்சடித்திருந்த தேதியைப் படித்தாள். பிறகு அதை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டாள்.

டப்பா காலாவதியாகி வெகுநாளாகியிருந்தது. வந்தபோது நல்ல டப்பாதான். இவர் பார்த்துப் பார்த்துக் காத்த காலத்தில்தான் கெட்டது.

நர்ஸ் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எதிரிலிருந்த மருந்துக்கடைக்கு ஓடி, புது டப்பா வாங்கிவந்து, பின்னறையில் அடுப்பைப் பற்றவைத்தார். டிரைவர் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்துவிட்டு மற்றக் கடைசி டப்பாக்களைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். கடைசி டின் மீன், கடைசி ஓட்ஸ், கடைசி பழரசம் என்று ஒவ்வொன்றாகக் கீழே வந்தது. எல்லாம் தேதி முடிந்தவை. ராணுவம் மொத்தமும் நின்ற இடத்திலேயே உயிரை விட்டிருந்தது.

குழந்தை பின்னறையில் பால் குடிக்கும் சத்தம் கேட்டது. இருப்பு சார் வந்து என் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இவங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பாங்க?" என்றார்.

நான் குனிந்து வெங்காயம் பொறுக்கினேன். வெங்காயத்தில் ஒரு வசதி, கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அவர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். இந்த ரகம் அவ்வளவு சுலபத்தில் திருந்துமா? அடுத்த தடவை யாரோ இரண்டு பால் பவுடர் டப்பா கொண்டுவந்து கொடுத்தபோது, ஒன்றை, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்தார். இன்னொன்றை மேல்தட்டின் மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது நர்ஸ் அக்கா பார்த்துவிட்டார். தூசி தட்டுவதாக இவர் சொன்னார். அந்த டப்பாவும் அன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது. அலமாரி இப்போதெல்லாம் பாதி காலியாகத்தான் இருக்கிறது, கொண்டுவந்து கொடுப்பவர்கள் அதைப் பார்த்துப் பதறிப்போய் இன்னும் அதிகமாகக் கொண்டுவருகிறார்கள், வந்தது அன்றன்றைக்கே பைகளில் ஏறி வெளியே போய்விடுகிறது. இருப்பு சாருக்கு மட்டும் ராத்திரித் தூக்கம் சரியாக இல்லையாம்.

நன்றாகச் சிரித்தீர்களா? சந்தோஷம். சிரித்து முடித்த கையோடு எழுந்துபோய் உங்கள் சமையலறை மேல்தட்டைக் கொஞ்சம் எட்டிப்பாருங்கள். யாராவது கஷ்டப்படுகிறவர்கள் வந்தால் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்த பொட்டலம் ஒன்று, பின்னால், சுவரோடு ஒட்டினாற்போல இருக்கும். எடுத்து அடியைத் திருப்பிப் படியுங்கள். நீங்கள் யாருக்காக அதை வைத்திருந்தீர்களோ, அவர் இதற்குள் வந்து, வாசலில் நின்று, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமலே போயிருப்பார்.