அந்தமானுக்கு ஒரு ஒத்திகை

இந்தச் சித்திரையில் என் மனைவி மாலதி, குடும்பத்தோடு அந்தமானுக்குப் போவதென்று முடிவெடுத்தாள். போவதில்லை என்று நானும் முடிவெடுத்தேன். அவள் தன் முடிவை வாய்விட்டுச் சொன்னாள். எங்கள் இரண்டு முடிவுக்கும் அந்த ஒரு வித்தியாசம்தான்.

எல்லாம் எதிர்வீட்டு இந்திராணியால் வந்தது. அந்தமான் போய்வந்த நாளிலிருந்து போன் ஸ்டேட்டஸில் தினமும் ஒரு படம் போட்டாள். நீலக் கடலில் இந்திராணி. வெள்ளை மணலில் இந்திராணி. இளநீரோடு இந்திராணி. மாலதி தையல் மெஷின் மேல் காலை வைத்தபடியே அந்தப் படங்களைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். எங்கள் பெண் சுபஸ்ரீ பிளஸ் டூ முடித்திருந்தாள். இவள் காலேஜ், ஹாஸ்டல் என்று போய்விட்டால் அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து எங்கே போகப்போகிறோம் என்று மாலதி கேட்டாள். நியாயமான கேள்வி. அதனால்தான் நான் பேச்சை மாற்றினேன்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம்.

நாங்கள் பழவேற்காடு ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊர்க்காரர்கள். எங்கள் பரம்பரைக்குத் தண்ணீர் என்பது கணுக்கால் வரைக்கும்தான். அதற்கு மேல் ஏறினால் அதற்குப் பெயர் வெள்ளம். ஆனால் எனக்கு வேலை கிடைத்ததோ காட்டுப்பள்ளிப் பக்கம், ஒரு கண்டெய்னர் யார்டில். செக்யூரிட்டி சூப்பர்வைசர். காக்கி உடுப்பு, விசில், முறுக்கு மீசை. அடுக்குமாடி வீடுகள் மாதிரி கப்பல்கள் வந்து நிற்பது அங்கிருந்து தெரியும். நான் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலி போடுவேன். யாராவது ஏன் என்று கேட்டால், கேட்டைப் பார்க்க வேண்டாமா என்பேன்.

அப்படிப்பட்டவன் அந்தமானுக்குப் போனால் இந்த மானம் என்னாவது? மீசை வைத்த சகாதேவன் அலையைப் பார்த்து உதறுவதை மனைவியும் மகளும் பார்த்துவிட்டால் அப்புறம் வீட்டில் ரசத்துக்கு உப்பு போதவில்லை என்றுகூட நான் சொல்ல முடியாது.

தூக்கம் கெட்டு யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. ஏரிக்குள்ளே முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மணல் திட்டு இருக்கிறது. திட்டு எனக்குப் புதிதில்லை, வீட்டில் தினமும் கிடைப்பதுதான். ஆனால் இது நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த திட்டு. அங்கே வீடு கிடையாது, கடை கிடையாது, ஒரு மரம் கிடையாது. காலையில் குடும்பத்தை அங்கே இறக்கிவிட்டு சாயங்காலம் வரைக்கும் வெயிலில் காயவிட்டால், தீவு என்ற வார்த்தையையே இரண்டு பேரும் மறந்துவிடுவார்கள்.

அன்று சாப்பிடும்போது பேச்சை மெல்ல எடுத்தேன். தீவு வாழ்க்கை எல்லாருக்கும் ஒத்துவராது, உப்புக்காற்று சிலருக்குச் சேராது, அதனால் முதலில் இங்கேயே ஒரு நாள் ஒத்திகை பார்த்துவிடலாம், பிடித்திருந்தால் அந்தமான் என்றேன். மாலதி சண்டைக்கு வருவாள் என்று பதில்களெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் மோரை ஊற்றிக்கொண்டே, "ஞாயித்துக்கெழமையே போலாம்ங்க" என்றாள். பதில்கள் எல்லாம் வீணாய்ப் போயின.

தோணிரேவில் பொன்னுரங்கம் என்று ஒரு படகுக்காரர். அவர் மனைவி எல்லம்மாதான் எங்கள் தெருவில் இறால் விற்க வருபவர். நான் பொன்னுரங்கத்தைத் தனியாகப் பார்த்து ஏற்பாட்டைச் சொன்னேன். எங்களை இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். பொழுது சாயும்வரை வரக்கூடாது. போனை அணைத்துவிட வேண்டும். என் மனைவி கூப்பிட்டாலும் சரி, நானே கூப்பிட்டாலும் சரி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் கருவாடாகிவிடுவீர்கள் என்றார். பரவாயில்லை என்றேன். அப்புறம் சாதாரணமாகக் கேட்பதுபோல, ஏரியில் ஆழம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். எங்கே விழுந்தாலும் எழுந்து நிற்கலாம், படகு போகிற வாய்க்கால் மட்டும் கொஞ்சம் ஆழம் என்றார். அந்த 'கொஞ்சம்' ஞாயிறு வரைக்கும் என் நெஞ்சில் முள்ளாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை யார்டிலிருந்து கேட்டு வாங்கிவந்த லைஃப் ஜாக்கெட்டை உள்ளே மாட்டி, மேலே தொளதொளவென்று ஒரு ஜிப்பா போட்டுக்கொண்டேன். மாலதி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, ஒரே ராத்திரில ஒடம்பு பூசின மாரி கீது?"

இட்லி கொஞ்சம் அதிகம் என்றேன்.

படகில் நான் நடுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பொன்னுரங்கம் மோட்டாரை முடுக்கியதும் படகின் மூக்கு மேலே எழுந்தது. என் உயிர் கீழே இறங்கியது. சுபஸ்ரீ விளிம்பில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டு அளைந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எல்லாரும் பறவை பார்த்தார்கள். நான் பலகையில் இருந்த ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

திட்டு நான் நினைத்ததைவிட நன்றாகவே மோசமாக இருந்தது. உண்மையில் அது இரண்டு திட்டு. நடுவே படகு வாய்க்கால். அந்தப் பக்கத் திட்டுக்கு வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு அரைவட்டமாக ஒரு மணல் பாதை போனது. சொன்னபடி பொன்னுரங்கம் போய்விட்டார். நான் மனசுக்குள் கையைத் தேய்த்துக்கொண்டேன்.

மாலதி பையைத் திறந்தாள். நாலு மூங்கில் கழி, ஒரு பழைய வாயில் புடவை. சற்று நேரத்தில் பந்தல் நின்றது. பாய் விரிந்தது. தண்ணீர் கேன் ஈரத்துணி சுற்றி நிழலில் உட்கார்ந்தது. ஒரு தூக்கிலிருந்து நண்டுக் குழம்பு வாசனை வந்தது. எல்லம்மா காலையில் கொடுத்து அனுப்பியதாம். சுபஸ்ரீ கிளிஞ்சல் பொறுக்கக் கிளம்பிவிட்டாள். வெயிலில் காய்ந்தது நான் ஒருவன்தான், லைஃப் ஜாக்கெட்டுக்குள். கடைசியில் பொறுக்க முடியாமல் பந்தலுக்குப் பின்னால் போய் அதைக் கழற்றினேன். மாலதி அதை எடுத்துத் தட்டி, தலைக்கு வைத்துப் படுத்தாள்.

கஷ்டமாக இருக்கிறதா என்று அடிக்கடி அவளைக் கேட்டேன். இல்லையே என்றாள். கால் கசகசக்கிறதா என்றேன். இல்லையே. தூங்கவிடுங்கள் என்று திரும்பிப் படுத்தாள். நண்டுக் குழம்பு வேறு அருமையாக இருந்தது. அந்தமான் ஒவ்வொரு வாய்க்கும் என்னை நெருங்கி வந்தது.

மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தது. நான் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. குதிகாலில் ஜில்லென்று பட்டு விழித்தேன். தண்ணீர். காலையில் பத்தடி தள்ளியிருந்த ஏரி பாய்க்கு வந்திருந்தது. கடல் ஏறினால் முகத்துவாரம் வழியாக ஏரியும் ஏறும் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

சுபஸ்ரீயைத் தேடினேன். அவள் எதிர்த் திட்டில், ஆள் சின்னதாகத் தெரிகிற தூரத்தில் நின்றாள். மணல் பாதையைக் காணோம். எனக்கும் அவளுக்கும் நடுவே வெறும் தண்ணீர், காற்றில் சுருங்கிச் சுருங்கி ஓடியது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ஏதோ கத்தினாள். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோனது.

பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொன்னது. நல்ல மனிதர், சொன்ன சொல் தவறாதவர். திரும்பத் திரும்பப் போட்டேன். அவர் திரும்பத் திரும்பத் தவறவில்லை.

மாலதி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரலில் பதற்றமே இல்லை.

"தண்ணி ஏறிகிச்சு போலங்க."

"உனக்குப் பயமா இல்லியா?"

"எனக்கு இன்னா பயம், நீங்க கீறீங்களே."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் அதற்குள் இறங்கிவிட்டேன்.

எப்படி இறங்கினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கணுக்கால் நனைந்தது. எங்கள் பரம்பரை எல்லை அது. முழங்கால், தொடை, இடுப்பு. காலடியில் மணல் நகர்ந்தது. ஏதோ ஒன்று கெண்டைக்காலை உரசிக்கொண்டு போனது. மீனா பாம்பா என்று குனிந்து பார்க்கவில்லை. மகளை மட்டும் பார்த்தேன். கண்ணை எடுத்தால் அவள் இருக்கமாட்டாள் என்று தோன்றியது. தண்ணீர் மார்புக்கு வந்தது. மூச்சு தனியாக எங்கேயோ ஓடியது. அவள் கையை இன்னும் வேகமாக ஆட்டினாள். வருகிறேன் அம்மா, வருகிறேன் அம்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒரு அடியில் தரையே இல்லை. அடுத்த அடியில் இருந்தது. அப்புறம் மேடு. நான் நாலு காலில் ஏறி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்தேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது.

"நைனா, வராதீங்க வராதீங்கன்னு எத்தினி வாட்டி கைய ஆட்டறேன். ஏன் வாய்க்கால்ல எறங்கி வந்தீங்க? அந்தாண்ட சுத்தி வந்தா முழங்கால் தண்ணிதான்."

சொல்லிவிட்டு என் ஈர ஜிப்பாவில் முகத்தை வைத்து அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். நனைந்திருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

முழங்கால் தண்ணீரில் சுற்றித் திரும்பி வந்தோம். மாலதி முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். அப்போதே மோட்டார் சத்தம் கேட்டது. பொழுது சாய இன்னும் எவ்வளவோ இருக்கும்போதே, அதோ பொன்னுரங்கம். திட்டின் மறுபக்கம், மணல்மேட்டு மறைவில்தான் காலையிலிருந்து வலை போட்டுக்கொண்டிருந்தாராம்.

படகில் ஏறியதும் எனக்குள் புது ரத்தம் ஓடியது. கை இப்போது பலகையைப் பிடிக்கவில்லை, மீசையைப் பிடித்தது. பொன்னுரங்கத்திடம் நடந்ததைச் சொன்னேன். முதல் தடவை மார்பளவு தண்ணீர் என்றேன். இரண்டாவது தடவை கழுத்தளவு. கரை தெரியும்போது நான் கிட்டத்தட்ட நீந்தியிருந்தேன்.

மாலதி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"நெஜமாவே பயமே இல்லியாங்க?"

"தண்ணிக்குப் போயி பயப்படறதா? நமக்கு அது ஒரு விஷயமே இல்ல."

"கேட்டுக்கினீங்களா அண்ணா? நீங்கதான் சாட்சி" என்று பொன்னுரங்கத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் நிதானமாக என் பக்கம் திரும்பினாள். நான் பொன்னுரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையே எல்லம்மா இறாலோடு அந்தச் சேதியையும் கொண்டுவந்து இறக்கிவிட்டாராம். போனை அணைத்தாலும் கண்ணை எங்கள் மேலேயே வைத்திருக்கச் சொன்னது மாலதிதானாம். நான் வாய்க்காலில் இறங்கியபோது அவர் படகுக் கழியோடு தயாராக நின்றாராம்.

நான் மீசையிலிருந்து கையை எடுத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"உங்க பயம் எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல கோயில் கொளத்துல எறங்காம, ஆள உட்டு சொம்புல தண்ணி மொண்டாரச் சொல்லி காலக் கழுவினீங்களே. அதான் உங்களுக்காக ஏரோபிளேன் பாத்து வெச்சிருந்தேன். கண்ண மூடிக்கினா ரெண்டு மணி நேரம். இனிமே அது எதுக்கு? எனக்கும் பொண்ணுக்கும் ஆசை கப்பல்தான்."

கப்பலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று மெதுவாகக் கேட்டேன்.

"மூணு நாளுங்க."