வாட்ச்மேன் வேலை விஷயமாக ரஞ்சிதம் அண்ணிக்கு

செஞ்சி,
வெள்ளிக்கிழமை

வணக்கத்துக்கும் மரியாதைக்கும் உரிய ரஞ்சிதம் அண்ணி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தம்பி சேரனின் மனைவி மணிமொழி பணிவுடன் எழுதுவது. இவ்விடத்தில் நான், உங்கள் தம்பி, முயல், புறாக்கள் யாவரும் ஆண்டவன் தயவில் சௌக்கியம். என் இடது கை மட்டும் மாவுக்கட்டில் இருக்கிறது. அவ்விடத்தில் உங்கள் முழங்கால் வலியும் அண்ணனின் சர்க்கரையும் இறங்கி, ஆவடி வெயிலும் கொஞ்சம் கருணை காட்டி, எல்லோரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க அண்ணி" என்பேன். போன வாரமும் அதைத்தான் சொன்னேன். இந்த முறை நான் பேச வேண்டியிருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

அண்ணன் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில் உங்கள் தம்பிக்கு வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருப்பதாகவும், யூனிபாரம், பி.எஃப்., தங்க ரூம் எல்லாம் உண்டு என்றும், இந்த மேஜிக்கைத் தலைமுழுகிவிட்டு வரும்படி நான்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னீர்கள். நானும் மனசார ஒப்புக்கொண்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்து கை உடைந்ததும், இனிமேல் அவருடைய மேஜிக் பெட்டிக்குள் மடங்கி உட்கார ஆள் கிடையாது, சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் வராது என்றுதான் நினைத்தேன். சொல்லலாம் என்று வாயெடுத்த அன்றைக்குத்தான் விழுப்புரத்திலிருந்து ஆதவன் என்று ஒரு தம்பி போன் செய்தார். யூடியூப்பில் ஏதோ சேனல் வைத்திருக்கிறாராம். உங்கள் தம்பியைப் பேட்டி எடுக்க வேண்டும், மேஜிக்கும் செய்து காட்ட வேண்டும், பொதுவாக எல்லா ஜனங்களும் பார்க்கிற நிகழ்ச்சி, அதனால் பதில் எல்லாம் எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். சரி, பேட்டி முடியட்டும், அந்தச் சந்தோஷத்தோடு வேலை விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்னைக்குப் புடிச்ச சனி அண்ணி, வீடு வீடா இல்ல. உங்க தம்பி, பேட்டில இன்னா கேப்பாங்கன்னு தானே யோசிச்சு, அதுக்கெல்லாம் பதிலும் தானே எழுதி, காலைல பல்லு வெளக்கும்போது ஆரம்பிச்சாருன்னா புறாவுக்குத் தீனி போடற வரைக்கும் மனப்பாடம். எழுதினது இன்னா மாதிரின்னா, "மாயக்கலை என்பது மானுட மனங்களை மகிழ்விக்கும் மகத்தான மயக்கம்". இதைக் கேட்டா பொதுமக்கள் அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்கன்னு சொன்னேன். அப்ப நீயே கேள்வி கேளு, நான் பேச்சு வழக்குல சொல்லிப் பாக்கறேன்னாரு. நான் நல்ல கையில சப்பாத்திக் கட்டையை மைக்கா நீட்டிக்கினு கேள்வி கேப்பேன், அவர் கட்டையைப் பாத்துப் பதில் சொல்வாரு. மேடைல உங்ககூட யார் யார் இருப்பாங்க, மேஜிக்னா இன்னா, இளைஞர்களுக்கு இன்னா சொல்றீங்க, குரு யாரு, குடும்பம் எப்பிடி, எல்லாம் வரிசையா. நாலு நாள்ல கட்டையைப் பாத்தாலே பதில் தானா வர்ற அளவுக்குத் தேறிட்டாரு. ஒரு தடவை நெசமாவே சப்பாத்தி தேய்க்க எடுத்தேன், "இளைஞர்களே"ன்னு ஆரம்பிச்சுட்டாரு.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் அவர்கிட்ட பதில் இல்ல. அது அவர் எழுதினதுல இல்லாத கேள்வி, நானா கேட்டது. உங்க வேலை விஷயம் மனசுல இருந்ததால கேட்டுட்டேன்னு வெச்சுக்குங்க. "இந்த மேஜிக் சோறு போடுதா?"ன்னேன். அவர் கட்டையைப் பாத்தாரு, என் மாவுக்கட்டைப் பாத்தாரு, எழுந்து வெளிய போயிட்டாரு. மறுநாள் காலைல காப்பி குடிச்சிக்கினே, அதுக்குப் பதில் ரெடி பண்ணிட்டேன்னாரு. இன்னான்னு கேட்டேன். "அதை என் சம்சாரத்தைக் கேளுங்க, பெட்டிக்குள்ள மடங்கி உக்கார்றது அவங்கதான்" அப்பிடின்னாரு. நல்ல பதில்தான், பொதுமக்களுக்குப் புரியும்னு மட்டும் சொன்னேன்.

அடுத்தது பெட்டிக்கு ஆள். கேட்டவங்க எல்லாம் ஓடிட்டாங்க. கடைசில எங்க பக்கத்து வீட்டு லீலாவதி அக்கா, மேல்சித்தாமூர்ல இருந்து இங்க வந்து எண்ணெய்க் கடை வெச்சிருக்காங்களே நயினார் வீட்டு அக்கா, அவங்கதான் நான் உக்கார்றேன்னாங்க. ஆனா கண்டிஷன். ஒண்ணு, பொழுது சாயறதுக்குள்ள அவங்க சாப்புட்டு முடிச்சாகணும், அதனால நிகழ்ச்சி வெயில்லயே முடியணும். இன்னொண்ணு, பெட்டிக்குள்ள கத்தி சொருகக் கூடாது. அது சும்மா பாவலாங்க அக்கான்னு உங்க தம்பி எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. பாவலாவுக்குக் கூட ஒரு உசுர் இருக்கற எடத்துல கத்தி சொருகறது எங்க வீட்டுப் பழக்கம் இல்லன்னுட்டாங்க. அது அவங்க சமண தருமம், நாம இன்னா சொல்ல முடியும். ராத்திரி முழுக்க யோசிச்சு, கத்திக்குப் பதிலா குடை சொருகறேன்னாரு. வீட்ல இருந்தது ஒரே குடை, அதுவும் கம்பி நீட்டிக்கினு இருந்தது. தெருவுல ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிக் குடை கேட்டோம். இந்த வெயில்ல யார் குடுப்பாங்க அண்ணி. நிகழ்ச்சிக்கு வந்து முன் வரிசைல உக்காந்து தன் குடையைத் தானே கண்காணிச்சிக்கலாம்னு சொன்னப்புறம்தான் குடுத்தாங்க. கூட்டம் சேந்தது அப்பிடித்தான்.

எடம் எங்கன்னா, கல்யாண மண்டபத்து மொட்டை மாடி. பின்னாடி ராஜகிரிக் கோட்டை மலை தெரியணும்னு ஆதவன் தம்பி புடிவாதம். ஒரு விதத்துல அது நல்லதாப் போச்சு. அந்தப் பெட்டியைப் பின்னாலேர்ந்து யாரும் பாக்கக் கூடாது, ஏன்னு கேக்காதீங்க, கூடப்பொறந்தவங்களுக்கும் சொல்ல மாட்டேன்னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். பின்னாடி மலை மட்டும்தான்னா மலை யார்கிட்டயும் போய்ச் சொல்லாது. பெட்டியை மாடிக்கு ஏத்தறதுக்குள்ள எனக்கு உசுரே போச்சு. மேல ஏத்தினா ஜமக்காளம் விரிச்ச எடமெல்லாம் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. முயலைத் தூக்கி என் மடில வெச்சிக்கினேன். எனக்கு வேலை இல்லையே, அதனால ஜனங்களோட ஜனமா முன்னாடி உக்காந்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க தம்பி மேஜிக்கை நான் முன்னாடி உக்காந்து பாத்ததே இல்லைங்கறது அப்பத்தான் எனக்கே தோணுச்சு.

பேட்டி ஆரம்பிச்சது. ஆதவன் தம்பி கையில மைக் கொண்டு வரல, குண்டூசி மாதிரி ஒண்ணை உங்க தம்பி சட்டைக் காலர்ல குத்திட்டாரு. கட்டையைப் பாத்தே பழகினவரா, முகவாயை நெஞ்சுல இடிச்சிக்கினு காலரைப் பாத்தே பேச ஆரம்பிச்சாரு. அதுகூடப் போகட்டும். கேள்வி நாங்க பழகின வரிசைல வரல அண்ணி. உங்க குரு யாருன்னு அந்தத் தம்பி கேட்டுது. முதல் கேள்வி இல்லையா, இவர் முதல் பதிலைச் சொன்னாரு: "ஆறு புறா, ஒரு முயல், வீட்டுக்காரி." குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்கன்னுது. "அதுல பாதி கை வேகம், பாதி கண்கட்டு"ன்னாரு. உங்க வாழ்க்கைல மறக்க முடியாத சம்பவம் எதுன்னு கேட்டுது. "இதையெல்லாம் இளைஞர்கள் வீட்ல செஞ்சு பாக்கவே கூடாது"ன்னாரு. ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நல்லாப் போவுது போலன்னு நெனைச்சு இவரும் காலரைப் பாத்துச் சிரிக்கறாரு. எனக்கு அந்த மாடிலேர்ந்து குதிச்சிடலாமான்னு இருந்தது. இந்த மனுசனுக்குக் கேட்டைத் தொறந்து மூடற வேலைதான் சரின்னு, சத்தியமா அண்ணி, அந்த நிமிசம் உங்களைத்தான் நெனைச்சேன்.

அப்ப அந்தத் தம்பி கேட்டுது, "சரிண்ணா, இந்த மேஜிக் உங்களுக்குச் சோறு போடுதா?"ன்னு. உங்க தம்பி தலையைத் தூக்கினாரு. காலரை விட்டுட்டு என்னைப் பாத்தாரு. அது ஒண்ணுக்குத்தான் சரியான பதில் வந்தது. அதை என் சம்சாரத்தைக் கேளுங்கன்னாரு. கேமரா திரும்பி என் பக்கம் வந்துடுச்சு. மடில முயல், கையில கட்டு, சுத்தி தெருவே உக்காந்திருக்குது. போடலைங்க, அதனால ஆவடிக்குப் போறோம்னு சொல்றதுக்கு இதைவிட எடம் கெடைக்காது. நாக்கு நுனில வந்துடுச்சு. ஆனா அவர் மூஞ்சைப் பாத்துக்கினே சொல்ல முடியல. "மொதல்ல அந்தப் பெட்டியைச் செஞ்சு காட்டச் சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்"னு தள்ளிப் போட்டேன்.

லீலாவதி அக்கா சாமி கும்புட்டுட்டுப் பெட்டிக்குள்ள உக்காந்தாங்க. உங்க தம்பி மூடினாரு. இதுக்கப்புறம் நடந்ததை நீங்க நம்பணும்னு நான் சொல்லல, நானே இன்னும் முழுசா நம்பல. அந்தப் பெட்டிக்குள்ள எந்த ஆணி எங்க முட்டும், பலகை எந்த வாசனை அடிக்கும், முட்டி எங்க வந்து முகவாயில இடிக்கும், எல்லாம் எனக்கு மனப்பாடம். உள்ள இருந்தா வெளில கை தட்டறது கெணத்துக்குள்ள கேக்கற மாதிரி கேக்கும். ஒவ்வொரு கத்திக்கும் அவர் குனிஞ்சு "வலிக்குதா?"ன்னு கேப்பாரு, நான் ரேஷன் கடை க்யூல நிக்கற மாதிரி "இல்ல"ம்பேன். கடைசிக் கத்திக்குப் பதில் சொல்ல மாட்டேன், அப்ப எனக்கு உள்ள வேற வேலை இருக்கும். அந்த நேரத்துல வெளிய அவர் இன்னா பண்றாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்.

குடையை ஒண்ணொண்ணா சொருகினாரு. வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டாரு, அக்காவும் இல்ல, இல்லன்னாங்க. ஜனங்க சிரிப்பு கொஞ்சங் கொஞ்சமா நின்னு போச்சு. கடைசியா கறுப்புக் குடையைச் சொருகிட்டு, "வலிக்குதா?"ன்னாரு. பதில் இல்ல. அவர் காத்துக்கினு நின்னாரு அண்ணி. காதைப் பெட்டி மேல வெச்சுக் கேட்டாரு. மறுபடி மெதுவா, பக்கத்துல படுத்திருக்கறவங்களை எழுப்பற மாதிரி, கேட்டாரு. வெரலால தட்டினாரு. அப்புறம் கதவைத் தொறந்தாரு. உள்ள குடைங்க குறுக்கும் நெடுக்குமா நிக்குது, ஆள் இல்ல. குடைங்களுக்கு நடுவுல கையை வுட்டு அந்த உக்கார்ற எடத்தைத் தடவிப் பாத்தாரு, சூடு இருக்குதான்னு பாக்கற மாதிரி. தடவிட்டு நிமுந்து எங்க எல்லாரையும் பாத்தாரு. அந்த மூஞ்சை நான் பாத்ததே இல்ல. ஊரெல்லாம் தேடிட்டு வெறுங்கையோட வீட்டு வாசல்ல வந்து நிக்கற மூஞ்சி அது. பின்னாடி அவ்ளோ பெரிய மலை நிக்குது, அதுவே அவருக்குப் பின்னாடி சின்னதாத் தெரியுது.

நான் எழுந்து நின்னுட்டேன். முயல் எப்ப மடிலேர்ந்து எறங்கிச்சுன்னு தெரியல. "அக்கா எங்க?"ன்னு கேட்டேன். நடிப்புக்குக் கேக்கல, நெசமாக் கேட்டேன். மாடி பூரா மூச்சு வுடல. அந்த ஆதவன் தம்பி என்கிட்ட வந்து மெல்லமா, "நீங்க அவர் சம்சாரந்தானே, உங்களுக்கே தெரியாதா?"ன்னுது.

"தெரியுங்க. எங்க இருக்காங்கன்னு நல்லாத் தெரியும்"னேன். "ஆனா அங்க இல்லையே."

உங்க தம்பி பெட்டியை மூடி, குடைங்களை ஒவ்வொண்ணா உருவி விரிச்சு, அதது யாரோடதோ அவங்ககிட்டயே குடுத்தாரு. வாங்கினவங்க எல்லாம் கோயில்ல பிரசாதம் வாங்கற மாதிரி ரெண்டு கையில வாங்கினாங்க. குடை கிழிஞ்சிருக்குதான்னு ஒருத்தர் கூடப் பாக்கல. கடைசியா தொறந்தாரு, அக்கா சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க, தலைமுடி கூடக் கலையல. எல்லாரும் கை தட்டறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வுட்டாங்க பாருங்க, அந்த மாதிரி சத்தம் நான் பெட்டிக்குள்ள இருந்து கேட்டதே கெடையாது. என்னால கை தட்டக்கூட முடியல, ஒரு கைதானே. தொடையில தட்டினேன்.

இத்தனை வருசமா ஒவ்வொரு ஊர்லயும், ஒவ்வொரு திருவிழாவுலயும் அவர் அப்பிடித் தேடினது என்னைத்தான். உள்ள உக்காந்துக்கினு நான் முட்டி வலிக்குதுன்னு அவரைத் திட்டிக்கினு இருந்திருக்கேன். சோறு போடுதான்னு அந்தத் தம்பி அப்புறம் கேக்கவே இல்ல, கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பேன்னும் தெரியல. ஆனா கம்பெனி கேட்டுல நின்னு யார் கார் வருது, யார் லாரி போவுதுன்னு எழுதற வேலைக்கு இந்த மனுசனை அனுப்ப எனக்கு மனசு வரல அண்ணி. நீங்க கோவிச்சிக்காதீங்க. பெரிய மனசு பண்ணி அந்த வேலையை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க. கஷ்டமோ நஷ்டமோ நாங்க இங்கயே பாத்துக்கறோம்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். அவரை வேளைக்கு மாத்திரை போடச் சொல்லவும். உங்கள் முழங்காலுக்கு லீலாவதி அக்கா கடை நல்லெண்ணெய் கொடுத்தனுப்புகிறேன், சூடு செய்து தேய்க்கவும். உங்கள் ஆசீர்வாதம் எங்கள் இருவர் தலைமேலும் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை முதன்முறையாகத் தட்டும்,
மணிமொழி சேரன்

பி.கு.: கவர் ஒட்டறதுக்குள்ள உங்க தம்பி வந்து இதை வாங்கிப் படிச்சிட்டாரு. ரெண்டு தடவை படிச்சிட்டு, "நெசமாவே அப்பிடி இருந்துச்சா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "நானும் ஒரு நாள்கூட முன்னாடி உக்காந்து பாத்ததில்லையே மணி"ன்னாரு. அதனால என் கட்டுப் பிரிச்சதும் மேடைல நான் நிக்கணுமாம், குடையை நான் சொருகணுமாம். அவர் இனிமேல் முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்து பாக்க மட்டும்தான் செய்வாராம். எவ்வளவு சொல்லியும் கேக்கல, இப்பவே எனக்குக் கோட்டு அளவெடுக்க டெய்லரைக் கூட்டியாரப் போயிருக்காரு. நாற்காலில உக்காந்து பாத்துக்கினே இருக்கற வேலைதான் வேணும்னா, அதுக்கு யூனிபாரமும் பி.எஃப்.பும் கெடைக்கற எடத்துலயே உக்காரட்டும். அந்த வாட்ச்மேன் எடத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க அண்ணி.