வராத மெயிலை எழிலரசன் மீட்ட படலம்

வாழ்க எழிலரசன்! கடவுச்சொற்களின் காவலன், கேபிள் குலத் திலகம், ஆஃப் செய்து ஆன் செய்தல் என்னும் ஒற்றை மந்திரத்தால் செத்த கணினிகளை எழுப்பிய சித்தன், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் செர்வர் அறைக் குளிரில் ஸ்வெட்டர் பூண்டு வீற்றிருப்போன், வல்லம் வடகாலில் லாரிகளுக்கு பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் கம்பெனியின் ஒரே சிஸ்டம் அட்மின், அவன் வாழ்க! சிரிக்காதீர் ஐயா. அவன் பட்ட பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியும்.

கம்பெனியின் பழைய மெயில் மென்பொருள் நொண்டியடித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிவிட்டுப் புதியது போடலாம் என்று மேனேஜர் ரகுபதியின் பின்னாலேயே மாதக்கணக்கில் அலைந்து, அவர் டீ குடிக்கும்போதும் காரில் ஏறும்போதும் விடாமல் நச்சரித்து, கடைசியில் அவர் அறையில் நெஞ்சு நிமிர்த்தி நின்று நம் வீரன் ஒரு சபதம் செய்தான்.

"ஒரு மெயில்கூடத் தவறாது சார். தவறுச்சுன்னா என்னைக் கேளுங்க."

ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே மாற்றமும் நடந்தேறியது. பழைய மென்பொருள் ஓடிய செர்வரை அணைத்து, அதன் நெட்வொர்க் முகவரியையே புது செர்வருக்குச் சூட்டினான். மெயில்கள் தங்குதடையின்றி வந்தன, போயின. எழிலரசன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேண்டீனுக்குப் போய்வந்தான்.

பூஜை விடுமுறை முடிந்தது. ஒரகடம் சாலையெங்கும் கம்பெனி பஸ்கள் வாழைக்கன்றும் சந்தனமுமாய் முழங்கி வந்து தொழிலாளர் சேனையை இறக்கிவிட்ட அக்காலையில், டெஸ்பாட்ச் பார்க்கும் ஜோதி இடியெனச் செய்தி கொணர்ந்தாள். லாரி கம்பெனியிலிருந்து தினமும் வரும் மெயில், அன்றைக்கு எந்த பிராக்கெட் எத்தனை வேண்டும் என்று சொல்லும் மெயில், வரவில்லை. அது வராமல் செகண்ட் ஷிஃப்டுக்கு எந்த அச்சை, அதாவது டையை, மாட்டுவது என்று பிராக்கெட் அடிக்கும் பிரஸ்காரர்களுக்குத் தெரியாது. போனில் சொல்லவும் மாட்டார்கள், வேறு முகவரிக்கு அனுப்பவும் மாட்டார்கள், அவர்கள் சட்டம் அப்படி. மறுபடி அனுப்பச் சொன்னாள். அதுவும் வந்து சேரவில்லை.

ரகுபதி எழுந்தார். அவர் எழுந்தால் நாற்காலி தானே பின்வாங்கும். "செகண்ட் ஷிஃப்ட் ஏறுறதுக்குள்ள மெயிலைக் கண்ணுல காட்டு. இல்லன்னா பழைய சாப்ட்வேரையே போட்டுட்டுப் போய்க்கினே இரு" என்று பிரகடனம் செய்தார். ஐயோ பாவம் எழிலரசன்! நெஞ்சு நிமிர்த்திச் செய்த சபதமாயிற்றே!

புறப்பட்டான் வீரன். முதலில் குப்பை மெயில்களைத் தடுக்கும் கோட்டையின் மேல் பாய்ந்தான். உள்ளே சிறைப்பட்டவன் நம்மாள்தானோ என்று கதவுகளைத் திறந்துவிட, வட்டியில்லாக் கடன் தருவோரும் வழுக்கையில் முடி வளர்ப்போரும் அயல்நாட்டில் அவனுக்குச் சொத்து எழுதி வைத்தோரும் பெருவெள்ளமாய்ப் புரண்டு வந்தனரேயன்றி, பிராக்கெட்டைப் பற்றி வாய் திறப்பார் ஒருவரில்லை. அடுத்து இன்டர்நெட் கம்பெனியைப் போனில் அழைத்தான். அவர்கள் அவனைப் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு மறந்துபோனார்கள். பின்பு லாரி கம்பெனியின் சிஸ்டம் அட்மினான லோகேஷை அழைத்தான். இரு பெரும் வீரர்கள் எதிரெதிர் நிற்கும்போது அன்னார் உலகெங்கும் உரைப்பது எதுவோ, அதையே லோகேஷ் உரைத்தான்: "எங்க சைடு ஓகே பாஸ். டெலிவர்டுன்னு காட்டுது."

டெலிவர்டு! அப்படியானால் வாங்கியவன் எவன்? புதிய செர்வரின் பதிவைப் புரட்டினால் அம்மெயில் வாசலை மிதித்த அடையாளமே இல்லை. மயிர்க்கூச்செறிய, எழிலரசன் தன் லேப்டாப்பிலிருந்து கம்பெனியின் மெயில் வாசலைத் தானே தட்டிப் பார்த்தான். உள்ளிருந்து பதில் வந்தது. வந்த பதிலில் இருந்ததோ பழைய மென்பொருளின் பெயர்.

அணைத்துப் போட்டது பேசுகிறது! ஸ்வெட்டர் பறக்க செர்வர் அறைக்கு ஓடினான். ரேக்கின் அடித்தட்டில், நெற்றியில் சந்தனம், நடுவே குங்குமம், தோளில் வாடிய சாமந்தி, பச்சை விளக்குகள் கண் சிமிட்ட, புது மாப்பிள்ளை போல் உட்கார்ந்திருந்தது பழைய செர்வர். ஒரே நெட்வொர்க் முகவரிக்கு இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். காலையிலிருந்து வந்த மெயிலை எல்லாம் இந்தக் கிழடு கைநீட்டி வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருக்கிறது. பிடுங்கினான் கேபிளை! அதன் மடியை அவிழ்த்து அத்தனை மெயிலையும் புதியதற்கு மாற்றினான். ஜோதியின் திரையில் பிராக்கெட் கணக்கு வந்து விழுந்தது. பிரஸ்காரர்கள் டையை எடுக்கப் போனார்கள். ஷிஃப்ட் மாற இன்னும் சற்று நேரம் இருந்தது.

வென்றும் தணியவில்லை வீரனின் சினம். எவன் அந்தத் துரோகி, எந்தக் கை அந்தப் பொத்தானை அமுக்கியது, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்க்காமல் விடுவதில்லை என்று அலுவலகமே அதிர முழங்கினான். செர்வர் அறைக்கு எதிர் சீட்டில் கணக்கு எழுதும் ஷீபா, பாக்கிப் பொரியைக் கொறித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதாண்ணா. பூஜையில பொட்டு வெச்ச மெஷின் ஒண்ணுகூட சும்மா கெடக்கக் கூடாது, மொதல் நாளு ஓடியே ஆவணும்னு, காலையில வந்ததும் நீங்களே வரிசையா சுச்சு போட்டுக்கினு போனீங்களே."

ஆம். பிரஸ், ஃபோர்க்லிஃப்ட், பிரிண்டர், வாசல் கேமரா, இடையே பழைய செர்வர். ஒன்றுக்கும் குறை வைக்காமல், அதைத் தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டல்லவா பொத்தானை அமுக்கினான்! திசைகளை நடுக்கிய வீரனுக்கு ஸ்வெட்டருக்குள் வியர்த்தது. அவ்வேளை பார்த்து மேனேஜரின் அறைக்கதவு திறந்தது. மெயில் கண்ட மகிழ்ச்சியில் முகமெல்லாம் மலர, சபதம் காத்த செம்மலைத் தோளோடு சேர்த்து அணைத்து, அலுவலகத்தார் அனைவரும் செவிமடுக்க, "பரவால்லியே எழிலு, இன்னாதான் பிரச்சனை?" என்று ரகுபதி வினவினார். ஷீபா பொரி மெல்வதை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

"நெட்வொர்க் பிராப்ளம் சார்" என்றான் எழிலரசன்.